இரண்டு செல்கள், இரண்டு ஒழுங்குகள்: ஈ. கோலையும் ஈஸ்ட்டும்

மேல்நிலை வகுப்பு உயிரியல் பாடத்தில் தவறாமல் வரும் ஓர் அட்டவணை உண்டு. இடப்பக்கம் தொல்லுட்கரு செல், அதாவது புரோகேரியோட். வலப்பக்கம் மெய்யுட்கரு செல், அதாவது யூகேரியோட். உட்கரு உறை: இல்லை, உண்டு. மைட்டோகாண்ட்ரியா: இல்லை, உண்டு. எண்டோபிளாச வலை: இல்லை, உண்டு. கோல்கை உறுப்பு: இல்லை, உண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்க இது போதும். ஆனால் இதை மனப்பாடம் செய்யும் பிள்ளையின் மனதில் தங்குவது என்ன? பாக்டீரியா என்பது பல உறுப்புகள் விடுபட்டுப்போன, பாதியில் நின்ற ஒரு செல் என்ற எண்ணம்தான்.

இந்த எண்ணம் தவறானது. மைட்டோகாண்ட்ரியா இல்லாத பாக்டீரியா சுவாசிக்கிறது. எண்டோபிளாச வலை இல்லாத பாக்டீரியா புரதங்களைச் செய்து வெளியே அனுப்புகிறது. கதிர் இழைகள் இல்லாமலே தன் குரோமோசோமை இரு மகவுச் செல்களுக்கும் பிழையின்றிப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு வகைச் செல்களும் செய்யும் அடிப்படை வேலைகள் பெரும்பாலும் ஒன்றே. எந்த வேலை எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. தொல்லுட்கரு செல் வேலைகளை ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் நடத்துகிறது. அதனால் வேகம் கிடைக்கிறது. மெய்யுட்கரு செல் வேலைகளைச் சவ்வுகளால் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நடத்துகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாடு கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தான் பெற்றதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறது. இதை இரண்டு உயிர்களை அருகருகே வைத்துக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எந்த இரண்டை ஒப்பிடுவது?

வழக்கமாகப் பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் விலங்கின் செல்லையோ இலையின் செல்லையோ வரைந்து ஒப்பிடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலங்குச் செல் ஒரு பெரிய உடலின் பகுதி. பாக்டீரியா தனித்து வாழும் முழு உயிர். செல் அமைப்பால் வந்த வேறுபாடு எது, பலசெல் வாழ்க்கையால் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் இரண்டும் ஒருசெல் உயிரிகளாக இருக்க வேண்டும். இரண்டுமே நன்கு ஆராயப்பட்டவையாக இருக்க வேண்டும்.

அப்படி ஓர் இணை கைவசம் இருக்கிறது. ஒன்று ஈ. கோலை. தியோடர் எஷரிச் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து விவரித்த பாக்டீரியா. நம் குடலில் வாழ்வது. மற்றது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட்; ரொட்டி மாவை உப்பவைப்பதும் பீர் நொதிக்க வைப்பதும் இதுதான். இரண்டும் ஒற்றைச் செல்கள். இரண்டும் சர்க்கரையை உண்டு வாழ்பவை. இரண்டையும் ஆய்வகத்தில் ஒரே மாதிரி குடுவைகளில் வளர்க்கலாம். மெய்யுட்கரு உயிரிகளில் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது ஈஸ்ட்டுக்குத்தான், 1996-இல். அடுத்த ஆண்டே ஈ. கோலையின் தொகுதியும் வெளியானது.

அளவும் தூரமும்

ஈ. கோலை ஒரு சிறு கோல். நீளம் சுமார் 2 மைக்ரான், தடிமன் ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, கன அளவு ஏறத்தாழ 1 கன மைக்ரான். ஈஸ்ட் 4 முதல் 6 மைக்ரான் விட்டமுள்ள, ஏறக்குறைய உருண்டையான செல். கன அளவு 40 கன மைக்ரானும் அதற்கு மேலும் இருக்கும். ஈஸ்ட்டின் உட்கரு மட்டுமே சுமார் 2 மைக்ரான் விட்டம் கொண்டது. அதாவது, கொள்ளளவில் ஒரு முழு ஈ. கோலை செல் ஈஸ்ட்டின் உட்கருவுக்குள் அடங்கிவிடும்.

இந்த வேறுபாட்டின் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போடலாம். 2 மைக்ரான் நீளமும் 0.8 மைக்ரான் தடிமனும் உள்ள கோலுக்கு, ஒவ்வொரு கன மைக்ரான் உள்ளடக்கத்துக்கும் ஏறத்தாழ 5.8 சதுர மைக்ரான் வெளிப்பரப்பு இருக்கிறது. 5 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைக்கு அது வெறும் 1.2 தான். உணவு உள்ளே வருவதும் கழிவு வெளியேறுவதும் வெளிப்பரப்பின் வழியேதான். ஆகவே ஒரே அளவு உள்ளடக்கத்துக்கு ஈ. கோலையிடம் ஏறக்குறைய ஐந்து மடங்கு வாசல் இருக்கிறது.

செல்லுக்குள் மூலக்கூறுகள் தாமாகவே விரவிப் பரவுகின்றன. பரவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: தூரம் ஐந்து மடங்கானால் நேரம் இருபத்தைந்து மடங்கு. ஈ. கோலைக்குள் ஒரு சராசரிப் புரதம் ஒரு மைக்ரான் தூரத்தை நூறில் ஒரு நொடி அளவிலான நேரத்தில் கடந்துவிடும். எதையும் ஏந்திச் செல்ல வேண்டியதில்லை. செய்த இடத்திலிருந்து தேவையான இடத்துக்கு அது தானாகவே போய்ச் சேரும். ஈஸ்ட்டில் தூரமும் அதிகம், இடையில் சவ்வுகளும் உண்டு. எனவே அங்கே ஆக்டின் இழைகளின் மீது மயோசின் புரதங்கள் சரக்குப் பைகளை இழுத்துச் செல்கின்றன. ஈஸ்ட்டின் போக்குவரத்து ஏற்பாடு அதன் பருமனும் பிரிவினையும் கேட்ட தேவை. அந்தத் தேவை எழாத ஈ. கோலையிடம் அது இல்லாததைக் குறையாக எண்ணுவதற்கு இடமில்லை.

டி.என்.ஏ. இருக்கும் இடம்

ஈ. கோலையின் பொதுவாகப் பயன்படும் ஆய்வக இனத்தில் சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரே வட்டக் குரோமோசோம் உள்ளது. நீட்டினால் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், செல்லின் நீளத்தைப் போல 800 மடங்கு. அது முறுக்கின்மேல் முறுக்காகச் சுருண்டு, சில புரதங்களால் வளைத்துப் பிடிக்கப்பட்டு, நியூக்ளியாய்டு என்ற பகுதியாகச் செல்லின் நடுவில் கிடக்கிறது. சுற்றிலும் சவ்வு ஏதும் கிடையாது. ஆனால் அதைத் தாறுமாறான சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதியும் செல்லுக்குள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அங்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

ஈஸ்ட்டில் சுமார் 1.2 கோடி கார இணைகள் 16 நேர்க்கோட்டுக் குரோமோசோம்களாகப் பிரிந்திருக்கின்றன. ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த உருளைகள் மீது, உருளை ஒன்றுக்கு 147 கார இணைகள் வீதம் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கிறது; இந்தச் சுற்று ஒவ்வொன்றும் ஒரு நியூக்ளியோசோம். இது முழுவதையும் இரட்டைச் சவ்வாலான உட்கரு உறை மூடியிருக்கிறது. உறையில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொரு துளையும் பல நூறு புரத மூலக்கூறுகளால் கட்டப்பட்ட வாயில். எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பது அங்கே முடிவாகிறது.

மரபணுக்களின் எண்ணிக்கையில் பெரிய இடைவெளி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈ. கோலைக்குச் சுமார் 4,300. ஈஸ்ட்டுக்குச் சுமார் 6,000. கன அளவில் நாற்பது மடங்கு பெரிய செல், மரபணுக்களில் ஒன்றரை மடங்குகூட இல்லை. செய்தியின் அளவைவிட அந்தச் செய்தியைக் கையாளும் முறையில்தான் இவை இரண்டும் பெரிதும் விலகுகின்றன.

செய்தி புரதமாகும் வழி: ஒரு நெருங்கிய பார்வை

ஈ. கோலையின் குடுவையில் குளுக்கோஸ் இல்லாதபோது லாக்டோஸைச் சேர்ப்போம். 1961-இல் ஜேக்கப்பும் மோனோவும் விளக்கிய லாக் ஓபெரான் என்ற மரபணு வரிசை விழித்துக்கொள்கிறது. தடுப்புப் புரதம் டி.என்.ஏ.-யை விட்டு விலக, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்குகிறது. லாக்டோஸைப் பிளக்கும் நொதி, லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதம், இன்னொரு நொதி என மூன்றுக்குமான செய்திகள் ஒரே தூது ஆர்.என்.ஏ.-யில் தொடர்ச்சியாக எழுதப்படுகின்றன. முதல் மரபணு மட்டுமே சுமார் 3,000 எழுத்துகள் நீளம். நொடிக்கு நாற்பது ஐம்பது எழுத்து வேகத்தில் படியெடுக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் அது முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தூது ஆர்.என்.ஏ.-யின் முன்முனை வெளியே தலைகாட்டியதுமே முதல் ரைபோசோம் அதில் ஏறிவிடுகிறது. பின்னாலேயே அடுத்தது, அதன் பின்னால் இன்னொன்று. முன்னே பாலிமரேஸ் எழுதிக்கொண்டே போக, அதே வேகத்தில் ரைபோசோம்கள் படித்துக்கொண்டே தொடர்கின்றன. 1970-இல் ஆஸ்கார் மில்லரும் சக ஆய்வாளர்களும் எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: டி.என்.ஏ. இழையிலிருந்து கிளைகளாகத் தொங்கும் ஆர்.என்.ஏ.-க்கள், ஒவ்வொரு கிளையிலும் வரிசையாக ரைபோசோம்கள். சில நிமிடங்களில் நொதி தயார்.

இப்போது ஈஸ்ட்டுக்குக் காலக்டோஸைக் கொடுப்போம். இதற்கும் அருகருகே அமைந்த மூன்று மரபணுக்கள் இரண்டாம் குரோமோசோமில் இருக்கின்றன: கேல்1, கேல்10, கேல்7. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தூது ஆர்.என்.ஏ.-யை உண்டாக்குகிறது. தூண்டும் புரதமான கேல்4 முன்பே டி.என்.ஏ. மீது அமர்ந்திருக்க, கேல்80 அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. காலக்டோஸ் வந்ததும் கேல்3 புரதம் கேல்80-ஐ விலக்குகிறது. அதன்பின் நியூக்ளியோசோம்கள் அகற்றப்பட வேண்டும், படியெடுத்தல் தொடங்க வேண்டும், உருவாகும் ஆர்.என்.ஏ.-யின் முன்முனைக்குத் தொப்பி, பின்முனைக்கு அடினைன் வால். இவை முடிந்து, சரிபார்க்கப்பட்ட பிறகே அது உட்கரு துளை வழியாக வெளியேறும். ரைபோசோம்கள் வெளியே சைட்டோபிளாசத்தில்தான் காத்திருக்கின்றன.

சில மரபணுக்களுக்கு இன்னொரு படியும் உண்டு. ஈஸ்ட்டின் ஆக்டின் மரபணுவுக்குள் 309 எழுத்து நீளமுள்ள ஓர் இன்ட்ரான் செருகப்பட்டிருக்கிறது. அதை வெட்டி நீக்கி இரு முனைகளையும் ஒட்டிய பிறகுதான் செய்திக்குப் பொருள் வரும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ரைபோசோம் வந்து படித்துவிட்டால் கிடைப்பது பயனற்ற புரதம். வெட்டி ஒட்டும் வேலை மெதுவானது. ரைபோசோமின் வேலை வேகமானது. இரண்டையும் ஒரே இடத்தில் விட்டால் வேகமானதே முந்திக்கொள்ளும். உட்கரு உறை தோன்றியதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம் என்று வில்லியம் மார்ட்டினும் யூஜின் கூனினும் 2006-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அது நிறுவப்பட்ட முடிவாகிவிடவில்லை. ஆயினும் உறையின் பயனை அது தெளிவாக்குகிறது: எழுதும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் பிரித்ததால், இடையில் திருத்தும் நேரம் ஒன்று செல்லுக்குக் கிடைத்தது.

ரைபோசோம்: ஒரே இயந்திரத்தின் இரண்டு வடிவங்கள்

புரதம் செய்யும் ரைபோசோம் இரண்டிலும் உண்டு. ஈ. கோலையில் 70எஸ், ஈஸ்ட்டில் 80எஸ். எஸ் என்பது மைய விலக்குச் சுழற்சியில் படியும் வேகத்தின் அலகு. நிறை அலகு அல்ல. அதனால்தான் துணையலகுகளான 30-உம் 50-உம் சேர்ந்து 70 ஆகின்றன; 40-உம் 60-உம் சேர்ந்து 80 ஆகின்றன. ஈஸ்ட்டின் ரைபோசோமில் புரதங்களும் அதிகம், ஆர்.என்.ஏ. துண்டும் ஒன்று கூடுதல். ஆனால் பெப்டைடு பிணைப்பை உண்டாக்கும் நடுப்பகுதி இரண்டிலும் ஆர்.என்.ஏ.-யால் ஆனது, அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. 30எஸ் துணையலகின் அணுநிலை அமைப்பை 2000-இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அதற்காகவே 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நடு ஒன்றாக இருந்தும் ஓரங்களில் உள்ள சிறு வேறுபாடுகள் மனித உயிரைக் காப்பாற்றுகின்றன. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் பாக்டீரியாவின் சிறிய துணையலகைப் பற்றிக்கொள்கின்றன. எரித்ரோமைசினும் குளோராம்ஃபெனிகாலும் பெரிய துணையலகை அடைக்கின்றன. நம் சைட்டோபிளாசத்து 80எஸ் ரைபோசோம்களை இவை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. காசநோய்க்கு ஊசி போடும் மருத்துவர் நம்பியிருப்பது இந்த இரு செல் அமைப்புகளின் வேறுபாட்டைத்தான்.

ஆற்றல்: சவ்வு எங்கே இருக்கிறது?

அட்டவணையின் 'மைட்டோகாண்ட்ரியா: இல்லை' என்ற வரிதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. ஏ.டி.பி. உண்டாகும் முறை இரண்டிலும் ஒன்றே. எலக்ட்ரான்கள் சங்கிலியாகக் கைமாறும்போது புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. அவை திரும்பப் பாயும் விசையில் ஏ.டி.பி. சிந்தேஸ் சுழல்கிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்ன இந்தக் கொள்கை ஈ. கோலைக்கும் பொருந்தும், ஈஸ்ட்டுக்கும் பொருந்தும். ஈ. கோலை தன் உடலைச் சூழ்ந்த உட்சவ்வையே இதற்குப் பயன்படுத்துகிறது. ஈஸ்ட்டில் இது மைட்டோகாண்ட்ரியாவின் மடிந்த உட்சவ்வில் நடக்கிறது.

இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பதற்குக் காரணம் உறவு. ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற பிரிவைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் குடியேறி மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட முடிவு. லின் மார்குலிஸ் 1967-இல் இதை விரிவாக வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை; மரபணு வரிசைகள் பிற்பாடு அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லின. ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இன்றும் சொந்த டி.என்.ஏ. உண்டு, சொந்த ரைபோசோம் உண்டு. ஆனால் அதன் டி.என்.ஏ. முக்கியமான எட்டுப் புரதங்களுக்கு மட்டுமே செய்தி வைத்திருக்கிறது. தேவையான மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களின் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன.

இதைக் காட்டும் எளிய சோதனை ஒன்று. பாக்டீரியா ரைபோசோமை அடைக்கும் குளோராம்ஃபெனிகாலை ஈஸ்ட்டுக்குக் கொடுங்கள். குளுக்கோஸ் கலந்த ஊடகத்தில் அது நொதித்தல் மூலம் பிழைத்து வளர்ந்துகொண்டே போகும். சுவாசித்தே ஆக வேண்டிய கிளிசரால் ஊடகத்தில் வளர்ச்சி நின்றுவிடும். சைட்டோபிளாசத்து ரைபோசோம்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் மட்டும் முடங்கின. மெய்யுட்கரு செல்லின் உள்ளே ஒரு பாக்டீரியாவின் வாரிசு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஆற்றல் உண்டாகும் சவ்வு உள்ளே போனதால் ஈஸ்ட்டுக்கு ஒரு விடுதலை கிடைத்தது. ஈ. கோலையில் ஒரே சவ்வு எல்லையையும் காக்க வேண்டும், உணவையும் உள்ளே எடுக்க வேண்டும், ஆற்றலையும் உண்டாக்க வேண்டும். செல் பெரிதானால் உள்ளடக்கம் ஏறும் வேகத்துக்கு வெளிப்பரப்பு ஏறாது. ஆற்றல் போதாமல் போகும். மைட்டோகாண்ட்ரியா உள்ள செல் பெரிதாக வேண்டுமானால் உள்ளே மடிப்புகளைக் கூட்டிக்கொண்டால் போதும்.

எல்லைச் சுவர்கள்

ஈ. கோலைக்கு இரண்டு சவ்வுகள். நடுவே பெப்டிடோகிளைக்கானால் ஆன மெல்லிய சுவர். கிராம் 1884-இல் கண்ட சாயமேற்றும் முறையில் இது ஊதா நிறத்தைத் தக்கவைப்பதில்லை. பெனிசிலின் வகை மருந்துகள் இந்தச் சுவரின் குறுக்குப் பிணைப்புகளைத் தடுக்கின்றன; உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. ஈஸ்ட்டின் சுவர் குளுக்கான், மேனோபுரதம், சிறிதளவு கைட்டின் ஆகியவற்றால் ஆனது. பெனிசிலினுக்கு அங்கே பிடிமானமே இல்லை. ஈஸ்ட்டின் பிளாஸ்மா சவ்வில் எர்கோஸ்டீரால் உண்டு; அதன் உற்பத்தியைத் தடுப்பது ஃபுளுகோனசோல். ஈ. கோலையின் சவ்வில் ஸ்டீராலே இல்லாததால் அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. தொண்டைப் பூஞ்சைக்கும் சிறுநீர்த்தொற்றுக்கும் ஒரே மாத்திரை ஏன் போதாது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

வெளியே போகும் புரதங்கள்: தொழிற்சாலையில் ஒரு சோதனை

ஈஸ்ட்டில் வெளியே போக வேண்டிய புரதம் முதலில் எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறது, மடிகிறது, சர்க்கரைகள் ஒட்டப்படுகின்றன, சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போய், அங்கிருந்து செல்லின் விளிம்புக்குச் செல்கிறது. இந்தப் பாதையின் படிகளை ரேண்டி ஷெக்மன் ஈஸ்ட்டிலேயே, திடீர்மாற்றம் அடைந்த செல்களைக் கொண்டு 1979 முதல் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார். 2013-இன் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது அந்த உழைப்பு.

ஈ. கோலையிலோ புரதம் உட்சவ்வைத் தாண்டி, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்தில் இறங்குகிறது. சவ்வைத் தாண்ட உதவும் வாயில் புரதம் இரண்டிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது: ஈ. கோலையில் செக்ஒய், ஈஸ்ட்டில் செக்61. டைசல்ஃபைடு பிணைப்புகள் இரண்டிலுமே சைட்டோபிளாசத்துக்குள் பொதுவாக உண்டாவதில்லை. ஒன்றில் பெரிபிளாசத்தில், மற்றதில் எண்டோபிளாச வலைக்குள் உண்டாகின்றன. வேலை ஒன்று, வாயில் ஒன்று, இடம் மட்டும் வேறு.

இந்த இட வேறுபாட்டின் விளைவை மருந்துத் தொழில் நேரடியாகக் கண்டது. மனித இன்சுலின் 1978-இல் ஈ. கோலையில் உண்டாக்கப்பட்டு, 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சிறிய புரதம், சர்க்கரை ஒட்டுகள் இல்லாதது. இரு சங்கிலிகளையும் தனித்தனியே செய்து, செல்லுக்கு வெளியே இணைத்தார்கள். ஈ. கோலையின் வேகமான உற்பத்தி அங்கே கைகொடுத்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கோ கதை வேறு. வைரஸின் மேற்பரப்புப் புரதம் கொழுப்புச் சவ்வோடு சேர்ந்து சுமார் 22 நானோமீட்டர் துகளாகத் திரண்டால்தான் நல்ல எதிர்ப்பாற்றலைத் தூண்டும். எண்டோபிளாச வலை உள்ள ஈஸ்ட்டில் அந்தத் துகள்கள் உருவாகின்றன என்று 1982-இல் காட்டப்பட்டது. 1986-இல் ஈஸ்ட்டில் செய்த தடுப்பூசி அனுமதி பெற்றது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் வெளியிட்ட தடுப்பூசியும் ஒருவகை ஈஸ்ட்டில் செய்யப்பட்டதுதான். எந்த உயிர் உயர்ந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எந்தப் புரதத்துக்கு எந்தச் செல்லின் அமைப்பு பொருந்தும் என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாகப் பிரிவது எப்படி?

நல்ல ஊடகத்தில், 37 பாகை வெப்பத்தில் ஈ. கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். ஆனால் அதன் குரோமோசோமை ஒருமுறை படியெடுக்கவே சுமார் 40 நிமிடம் ஆகும். இந்த முரணை 1968-இல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் விடுவித்தார்கள்: ஒரு சுற்றுப் படியெடுத்தல் முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. இன்று பிறக்கும் செல்லுக்குள், அதன் பேரப்பிள்ளைகளுக்கான குரோமோசோம்களும் பாதி எழுதப்பட்டிருக்கின்றன. பிறகு எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் செல்லின் நடுவில் வளையமாகத் திரண்டு பிரிவுக்கு வழிவகுக்கிறது. இந்தப் புரதம் நம் நுண்குழல்களை ஆக்கும் டியூபுலினுக்கு உறவுக்காரன். செல்லின் கோல் வடிவத்தைக் காக்கும் எம்ஆர்இபி புரதம் ஆக்டினுக்கு உறவு. பாக்டீரியாவுக்குச் செல் சட்டகம் கிடையாது என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பின் அது பொருந்தாது.

ஈஸ்ட் அரும்புவிட்டுப் பெருக, சாதகமான சூழலில் சுமார் 90 நிமிடம் ஆகும். படியெடுத்தல் நூற்றுக்கணக்கான இடங்களில் தொடங்குகிறது. ஆனால் ஒரு சுழற்சிக்கு ஒருமுறைதான். அது முடிந்ததா, குரோமோசோம்கள் கதிர் இழைகளில் சரியாக மாட்டினவா என்று சரிபார்க்கும் நிலைகள் உண்டு. தவறிருந்தால் சுழற்சி நிற்கும். லீலண்ட் ஹார்ட்வெல் ஈஸ்ட்டில் கண்ட இந்த ஒழுங்கே பின்னர் மனிதப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள அடித்தளமானது. 2001-இல் நோபல் பரிசும் பெற்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செல் பிரியும்போது உட்கரு உறை மறைந்துவிடும் என்று நாம் படிக்கிறோம். ஈஸ்ட்டில் அது மறைவதே இல்லை. கதிர் இழைகள் உட்கருவுக்குள்ளேயே உருவாகி, உறையோடு சேர்ந்தே உட்கரு இரண்டாகிறது.

எல்லைக்கோடு எங்கே?

இந்த இரு செல்களையும் ஒப்பிட்டபின், விதிவிலக்குகளை வைத்து நம் முடிவைச் சோதிக்க வேண்டும். பிரான்ஸின் தோ உப்பங்கழியில் 1994-இல் கண்டறியப்பட்ட ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பாசியின் விட்டம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆயினும் அதற்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் எல்லாம் இருக்கின்றன. மறுபக்கம், கரீபியத் தீவான குவாதலூப்பின் அலையாத்திக் காட்டில் கிடைத்து 2022-இல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்ற பாக்டீரியா ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்வது. வெறும் கண்ணுக்கே தெரியும். ஆகவே அளவு எல்லைக்கோடாகாது.

அந்தப் பெரிய பாக்டீரியாவில் டி.என்.ஏ. சவ்வுப் பைகளுக்குள் இருக்கிறது. எனவே 'டி.என்.ஏ.-யைச் சுற்றிச் சவ்வு உண்டா' என்ற கேள்வியும் தடுமாறுகிறது. ஆனால் அந்தப் பைகளுக்குள் டி.என்.ஏ.-யோடு ரைபோசோம்களும் சேர்ந்தே இருக்கின்றன. பை இருந்தும், எழுதும் இடமும் படிக்கும் இடமும் பிரியவில்லை. நாம் எடுத்த அளவுகோல் இங்கேயும் நிற்கிறது.

மூன்றாவது எச்சரிக்கை வம்சாவளி பற்றியது. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் தொல்லுட்கரு உயிரிகளுக்குள் ஆர்க்கியா என்ற தனிப் பரம்பரை இருப்பதைக் காட்டினார்கள். நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலடிப் படிவிலிருந்து 2015-இல் அறியப்பட்ட லோகி ஆர்க்கியாவின் மரபணுக்கள், ஈ. கோலையைவிட ஈஸ்ட்டுக்கே நெருங்கிய உறவு காட்டின. அந்தக் குடும்பத்து உயிர் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கும் மேல் பாடுபட்டு வளர்த்து 2020-இல் விவரித்தபோது, அதன் செல்லுக்குள் உட்கரு இல்லை, உள்ளுறுப்புகளும் இல்லை. தொல்லுட்கரு என்பது அமைப்பைச் சொல்லும் பெயர். உறவைச் சொல்லும் பெயர் அல்ல.

முடிவாக

அட்டவணையை இப்படி எழுதிப் பார்க்கலாம்.

சுவாசம்: ஈ. கோலையில் செல்லின் உட்சவ்வில். ஈஸ்ட்டில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில்.
படியெடுத்தலும் புரத உற்பத்தியும்: ஈ. கோலையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். ஈஸ்ட்டில் உள்ளும் புறமுமாக, முன்னும் பின்னுமாக.
ஏற்றுமதிப் புரதங்களின் முதல் நிறுத்தம்: ஈ. கோலையில் பெரிபிளாசம், ஈஸ்ட்டில் எண்டோபிளாச வலை.
உள்போக்குவரத்து: ஈ. கோலையில் பெரும்பாலும் தானாக விரவுதல். ஈஸ்ட்டில் அதோடு இழைகளும் சுமக்கும் புரதங்களும்.
குரோமோசோம் படியெடுத்தல்: ஈ. கோலையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றுகள். ஈஸ்ட்டில் சுழற்சிக்கு ஒன்று மட்டும்.

இதில் 'இல்லை' என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. இரு பக்கமும் நிறைந்திருக்கிறது. ஈ. கோலை தன் வேகத்துக்காகப் பெரிதாகும் வாய்ப்பையும் நுணுக்கமான திருத்தங்களையும் விட்டுக்கொடுத்தது. ஈஸ்ட் தன் கட்டுப்பாட்டுக்காக வேகத்தையும் சிக்கனத்தையும் விட்டுக்கொடுத்தது. பிரித்து ஆளும் அந்த ஒழுங்கிலிருந்துதான் ஆலமரமும் யானையும் நாமும் வர முடிந்தது; ஒன்றாக நடத்தும் மற்ற ஒழுங்குதான் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த உலகின் மண்ணையும் நீரையும் நம் குடலையும் நிரப்பியிருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் 'எது இருக்கிறது, எது இல்லை' என்று கேட்பதற்கு முன், 'இந்த வேலை எங்கே நடக்கிறது' என்று ஒருமுறை கேட்டால் போதும். மாணவர்கள் பட்டியலை மறந்தாலும் செல்லைப் புரிந்துகொண்டிருப்பார்கள்.